227, இடது

பென்னாகரம் பஸ் தருமபுரி நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி 9.35. ஹபீப் மடியில் வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியை இடது கையால் அணைத்துக்கொண்டு இறங்கினார். வலது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. அன்று 2024 செப்டம்பர் 11, புதன்கிழமை. பெட்டிக்குள், விடிகாலை 4.50க்கு அறுத்த ஓர் ஆட்டின் முன்னங்கால்கள் இரண்டும் தோள்பட்டை எலும்போடு முழுசாகப் பனிக்கட்டிக்கு நடுவில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டியிருந்தது. ஒன்றில் 227, இடது. மற்றதில் 228, வலது.

ஹபீபுக்கு வயது 53. பென்னாகரம் கடைவீதிக் கறிக்கடையில் பதினாலு வயதில் கத்தி பிடித்தவர். மாட்டியிருக்கும் ஆட்டைப் பார்த்ததும் எலும்பு எங்கே திரும்புகிறது என்று அவர் கைக்குத் தெரியும். 2023 மே மாதம் எலும்பு டாக்டர்களுக்கான பயிற்சிக் கூடம் ஒன்று தருமபுரியில் தொடங்கியபோது, அதை நடத்தும் டாக்டர் மாதவராஜ் அவருடைய கடைக்கே நேரில் வந்தார்.

"தோள்ல சின்ன ஓட்டை போட்டு, கேமராக் குழாயை உள்ளே விட்டு, டிவியில பாத்துக்கிட்டே ஆபரேஷன் பண்ணணும் பாய். மனுசன் மேல கை வைக்கறதுக்கு முன்னாடி ஆட்டுத் தோள்ல பழகட்டும்னு பாக்கறேன். மூட்டைச் சுத்தி ஒரு பை இருக்கும். அதுல கத்தி படவே கூடாது. பட்டா உள்ள ஏத்தற தண்ணி நிக்காது, டிவியில ஒண்ணும் தெரியாது."

"முப்பத்தெட்டு வருசமா ஒட்டிக்கிட்டு இருக்கறதைப் பிரிக்கறதுதான் என் வேலை சார். நீங்க பிரிக்காம குடுங்கறீங்க" என்று சிரித்தார் ஹபீப்.

ஆனால் கொடுத்தார். பதினைந்து மாதத்தில் 214 தோள்கள் போயின. அவற்றில் மூன்றே மூன்றுதான் ஒழுகின.

ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை மாலை, இண்டூர் வளைவில் மழைத்தண்ணீரில் வண்டி சறுக்கி வலது தோள் அடிபட விழுந்தார். எழுந்து வீட்டுக்குப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. கறிக்கடைக்காரனுக்குக் கை விழுந்துவிட்டது என்று கடைவீதியில் ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், ஆள் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடும். எண்ணெய் தேய்த்துக்கொண்டார். முழங்கையை உயர்த்தாமல் வெட்டப் பழகிக்கொண்டார்.

கூடத்தின் பதிவேட்டுக்காரர் சென்றாயன் பெட்டியை வாங்கி, எண்ணைப் பார்த்து எழுதி, மணியையும் போட்டார்: 9.55.

"இன்னைக்கு யாருக்குங்க பரீட்சை?"

"வெண்மதி டாக்டருக்குத்தான். ஏரியூர்க்காரப் பொண்ணு. மூணாவது வாய்ப்பு, இதுதான் கடைசி. பதினோரு மணிக்கு. இதுலயும் போச்சுன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வூட்டுக்குப் போக வேண்டியதுதான்."

ஹபீபுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். பெட்டி கொண்டுவரும்போதெல்லாம் "ஆடு நல்ல வயசா பாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் கையுறை மாட்டும்.

"முன்ன நல்லாத்தானே பண்ணுச்சு அந்தப் பொண்ணு?"

"பண்ணுச்சு. இந்த மூணு வாரமாத்தான் கை கெட்டுப் போச்சு. குழாயை விட்ட அஞ்சாவது நிமிசம் தண்ணியெல்லாம் கறிக்குள்ள இறங்கிடுது. தோள் பந்து மாதிரி வீங்கிக்குது. மூட்டுப்பையைக் கிழிச்சுடுதுன்னு சார் எழுதிட்டாரு. போன பரீட்சையில வெளிய வந்து செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு, பாவம். சரி, ஒரு கை குடுங்க பாய். பழசெல்லாம் குப்பை வண்டிக்குப் போகணும்."

குளிர்பெட்டியைத் திறந்து பழைய தோள்களை இருவரும் எடுத்துப் போட்டார்கள். ஹபீப் கைக்கு 225, இடது வந்தது. போன புதன்கிழமைப் பரீட்சைத் தோள். பனி விட்டுக் கொழகொழவென்றிருந்தது. அனிச்சையாக அழுத்திப் பார்த்தார். அக்குள் பக்கமிருந்து தண்ணீர் கசிந்தது.

டாக்டர்கள் போடும் துளைகள் வெளிப்பக்கம் இருக்கும், வட்டமாக இருக்கும். இது உள்பக்கம். ஒரு நெல்மணி நீளக் கீறல், ஓரம் சுத்தமாக, முனையில் லேசாக வளைந்து. ஊசியோ குழாயோ இப்படிக் கீறாது. அந்த வளைவை ஹபீப் ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். அவருடைய ஆறு அங்குலக் கத்தியின் முனை வளைவு அது.

தோளை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சென்றாயா, அந்த நோட்டை எடு. போன மாசம் பத்தொம்பதாம் தேதிக்கு அப்புறம் எது எது ஒழுகுச்சு?"

"எதுக்கு பாய்?"

"படிப்பா."

சென்றாயன் விரல் வைத்துப் படித்தார். "215 இடது, ஒழுகல். 216 வலது, சரி. 217 இடது, ஒழுகல். 218 வலது, சரி. 219 இடது, சரி. 221 இடது, ஒழுகல்..." படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. "இடது ஆறுல அஞ்சு ஒழுகியிருக்கு. வலது ஆறும் சரியா இருக்கு."

"இடதெல்லாம் யாருக்குப் போகுது?"

"ரெண்டு பேரு இடதுல பழகணும், ரெண்டு பேரு வலதுல. அது சாரோட ஆராய்ச்சி. இடதுக்காரர்ல ஒருத்தரு கல்யாணத்துக்கு லீவுல போயிருக்காரு. அதனால எல்லாமே வெண்மதி டாக்டருக்குத்தான்."

ஹபீப் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இடதுகாலை வெட்ட வலது முழங்கை உயர வேண்டும். உயர்ந்தால்தான் கத்தியின் முகம் விலா எலும்பைப் பார்த்து நிற்கும். முழங்கை தாழ்ந்தால் அது மூட்டைப் பார்த்துத் திரும்பும். வலதுகாலை வெட்ட உயர்த்தத் தேவையில்லை. மூன்று வாரமாகத் தன் கை செய்தது அவருக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது. விடிகாலையில் 227ஐயும் அப்படித்தான் வெட்டியிருக்கிறார்.

மணி 10.30.

வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறலாம். யாருக்கும் தெரியாது. 227 ஒழுகும், பொண்ணு ஊருக்குப் போகும், கூடம் நடக்கும். அவருடைய கை பழையபடி ஊர் நம்பும் கையாகவே இருக்கும். அவர் எழுந்து வாசல் வரை போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெண்மதி மேசை மேல் நூலை வைத்து முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. போடும், அவிழ்க்கும், மறுபடி போடும். விரல் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.

10.42க்கு மாதவராஜின் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், அந்த இடது தோளைக் குடுக்காதீங்க. அது பொத்தல்."

மாதவராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "பாய், அந்தப் பொண்ணு உங்ககிட்ட ஏதாவது சொல்லிச்சா?"

"அந்தம்மாவுக்கு இது தெரியவே தெரியாதுங்க. அவங்க தொடறதுக்கு முன்னாடி ஊசியில தண்ணி ஏத்திப் பாருங்க. நிக்குதுன்னா நான் இனிமே இந்தப் படி ஏறல."

227ஐ மேசையில் பிடிகருவியில் மாட்டினார்கள். வெண்மதியும் வந்து நின்றது. மாதவராஜ் தன் கையாலேயே ஊசி குத்தினார். இருபது மில்லி போனது. நாற்பது போனது. மூட்டு புடைக்கவே இல்லை. அக்குள் பக்கமிருந்து ஒரு சொட்டு, பின்னால் இன்னொன்று, அப்புறம் ஒரு நூலாகத் தட்டில் விழுந்தது.

"ஏத்திப் பாத்திருக்கணும்" என்றார் மாதவராஜ். "பாக்காமலே அவ கைன்னு எழுதிட்டேன். பதினஞ்சு மாசம் ஒழுகாத கை பாய் உங்க கை. இப்ப என்ன ஆச்சு?"

வெண்மதிதான் ஹபீபைப் பார்த்தது. முகத்தை அல்ல, தோளை.

"பாய், வலது கையைத் தூக்குங்க."

தூக்கினார். இடுப்புக்கு மேல் கொஞ்சம் வந்தது. அப்புறம் தோள்பட்டை காதுப் பக்கம் ஏறியதே தவிர, கை ஏறவில்லை. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"எத்தனை நாளா?"

"இருபத்து மூணு நாளுங்க."

"இதை வச்சுக்கிட்டா ஆடு அறுத்தீங்க?" என்றார் சென்றாயன். "நல்ல ஆளுங்க நீங்க."

மாதவராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். 10.58. "வெண்மதி, பரீட்சையைத் தள்ளி வைக்கலாம். அடுத்த வாரம் நல்ல இடது ஒண்ணு வரவழைக்கறேன்."

"228 இருக்கே சார்."

"அது வலதும்மா. நீ வலதுல ஒரு தடவைகூடக் கை வச்சதில்ல. எல்லாமே தலைகீழா இருக்கும்."

"அடுத்த வாரம் வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது சார். இப்பவே பண்றேன்."

"இதுல தவறினா அது உன் தவறுதான். அப்படியே எழுதுவேன்."

"எழுதுங்க சார்."

228இல் தண்ணீர் ஏற்றினார்கள். நின்றது. 11.10க்கு சென்றாயன் கடிகாரத்தை அமுக்கினார். இருபத்தைந்து நிமிடத்துக்குள் ஆறு இடங்களைக் கொக்கியால் தொட வேண்டும், ஒரு நூலைப் பதிக்க வேண்டும், முடிச்சுப் போட வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே நின்று ஹபீப் டிவியைப் பார்த்தார். முதல் நான்கு நிமிடம் படம் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. வெண்மதியின் கை பழக்கத்தில் இடப்பக்கம் போனது, எலும்பு வலப்பக்கம் இருந்தது. குழாய் குருத்தெலும்பில் இடித்தது. சென்றாயன் ஒரு கோடு போட்டார். மறுபடி இடித்தது. இரண்டாம் கோடு. மூன்று கோடு விழுந்தால் தோல்வி. மணி 11.17.

வெண்மதி நிறுத்தியது. குழாயை ஆட்டாமல் அரை நிமிடம் அப்படியே பிடித்தது. பிறகு டிவியை விட்டுக் கண்ணை எடுத்து, ஆட்டுத் தோளையே ஒரு முறை பார்த்தது. தான் நிற்கும் இடத்தை மாற்றி, மேசையைச் சுற்றி மறுபக்கம் போய் நின்றது. கை பழகாத பக்கத்து ஆட்டுக்கு ஹபீபும் கையை மாற்ற மாட்டார்; காலைத்தான் மாற்றி வைப்பார்.

அதன் பிறகு படம் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கொக்கி தொட்டது. வெள்ளை எலும்பு விளிம்பில் நீல நூல் இறங்கியது. முதல் முடிச்சு நழுவியது. ஹபீப் தன் இடது கையால் கதவுப் பிடியை இறுக்கினார். இரண்டாம் முடிச்சு இறுகி நின்றது.

"24 நிமிசம் 10 வினாடி" என்றார் சென்றாயன். "ரெண்டு கோடு."

மாதவராஜ் பதிவேட்டை வாங்கினார். ஐந்து ஒழுகல்களுக்கும் நேராக 'பயிற்சி மருத்துவர் பிழை' என்றிருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, 'கத்திக் கீறல்' என்று எழுதினார். மூன்று வாரக் கணக்கை ஆராய்ச்சியிலிருந்தே எடுத்தார். கடைசி வரியில் 228, வலது, தேர்ச்சி. ஹபீபைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் வலது கையை இடது கையால் தூக்கி மேசை மேல் வைத்துத்தான் போட்டார்.

வெளியே வந்து கைப்பேசியில் மனைவி குல்ஷனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தெரியும்" என்றாள் குல்ஷன். "மூணு வாரமா சட்டையை இடது கையில மாட்டறீங்க. நீங்களா வாயைத் திறக்கறீங்களான்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

வெண்மதி கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்து ஸ்கேன் சீட்டை நீட்டியது. "தசைநார் கிழிஞ்சிருக்கும்னு நினைக்கறேன் பாய். தச்சுடலாம். சார் பண்ணுவாரு, நான் கேமரா பிடிப்பேன்."

"எனக்கு வலது தோளுங்க டாக்டரம்மா."

"ஆமா. அதுக்கென்ன?"

"இன்னைக்குத்தானே பழகினீங்க?"

வெண்மதி வாய்விட்டுச் சிரித்தது.

அக்டோபர் 9, புதன்கிழமை, காலை 8.15க்குத் தொடங்கி 9.40க்கு அறுவை முடிந்தது. 229 முதல் தோள்களைக் குல்ஷனின் தம்பி நூர் பாஷா வெட்டுகிறார். பதிவேட்டில் இப்போது 'வெட்டியவர்' என்று ஒரு கட்டமும், அதற்குப் பக்கத்தில் 'தண்ணீர் ஏற்றிப் பார்த்தது' என்று இன்னொரு கட்டமும் இருக்கின்றன.