பையில் ஏறிய முகம்

கியர் அக்காவுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவளுடைய வாய்தான். சைக்கிள் சுற்றுலாவுக்கு வருகிறவர்களைக் குன்றுப் பாதையில் கூட்டிப் போகும்போது, மேடு வருவதற்கு முன்பே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "கியரக் கொறைங்க! கியரக் கொறைங்க!" என்று கத்துவாள். பின்னால் வருவது வங்கி மேலாளரா, புது மாப்பிள்ளையா என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. கேட்காதவர்கள் பாதி மேட்டில் சைக்கிளோடு சாய்வார்கள். "சொன்னேன்ல?" என்று சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தூக்கியும் விடுவாள்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் சரிபார்க்கிற மேஜையில் இருந்தவள். விட்டுப்போன தையலையும் கோணிப்போன காலரையும் பிடிப்பதுதான் வேலை. ஆலையை மூடிய பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியும் முன்னே கிளம்பிவிடுவார். கொழுந்தன் அப்போதுதான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றைப் பிடித்து, மலைச் சைக்கிள்களை வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தான். "அண்ணி, கல்லாவுல உக்காந்தா போதும்" என்றான். அவள் அங்கே உட்கார்ந்தது கொஞ்ச நாள்தான். நாற்பதை நெருங்கும் வயதில், முட்டியெல்லாம் தோல் உரிய, பக்கத்துக் காலி மனையில் சைக்கிள் பழகினாள்.

"இந்த வயசுல எலும்பு ஒடிஞ்சா லேசுல ஒட்டாது" என்றார் கணவர்.

"ஒடியாம பாத்துக்கறேன், போங்க."

ஊரை ஒட்டிக் கிடந்த குன்றுகளில் வழி பிடித்ததும் அவள்தான். அலை அலையாகப் பச்சை மேடுகள், நடுவில் ஆட்டுத்தடங்கள், பாதி புல்லில் புதைந்த பழைய வணிகப் பாதை. காவல் கோபுரம், கல்லால் கட்டிய சுங்கச்சாவடி, இடிந்த கோட்டை, ஆற்றின் மேல் வளைவுப் பாலம் என்று திசைக்கொன்றாகக் கிடந்தவற்றை ஒரே தடத்தில் கோர்த்தாள். தொல்லியல் அலுவலகம் அரை மனதோடு அனுமதி கொடுத்தது. சாவடியின் கம்பிக் கதவுச் சாவியை நீட்டிய அதிகாரி, "ஒரு கல்லு அசைஞ்சாலும் பாதைய மூடிடுவோம். பொறுப்பு உங்களுது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அந்தச் சாவடியின் உள்சுவரில் கல் முகங்கள் வரிசையாக இருந்தன. மூட்டை சுமக்கிறவன், சிப்பாய், வியாபாரி. கோடியில் ஒரு வயதான பெண். உதட்டை இறுக்கி, இதோ திட்டப் போகிறேன் என்பது போல் பார்ப்பாள். கியர் அக்கா ஒவ்வொரு முறையும் அவளிடம், "என்ன அத்தே, சௌக்கியமா?" என்பாள். கொழுந்தன் காதில் இது விழுந்தபோது, "எங்கம்மா உசிரோட இருந்தப்போ அவங்களுக்கே நீங்க இவ்ளோ மரியாதை குடுக்கல, அண்ணி" என்று கேலி செய்தான்.

அன்றைக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். பல் டாக்டரம்மா, அவருடைய கணவர், ஒரே அலுவலகத்துத் தோழிகள் இருவர், தனியாக வந்த தாடிக்காரர் ஒருவர். தாடிக்காரரின் முதுகில் பெரிய பை காற்றுப்போன பந்து போல் தொங்கியது.

"இவ்ளோ பெரிய பையில ஒண்ணையும் காணோமே சார்?" என்றான் கொழுந்தன், டயருக்குக் காற்றடித்துக்கொண்டே.

"மழைக்கோட்டு இருக்கு" என்றவர், அக்கா பக்கம் திரும்பினார். "நான் பாலத்துக்கிட்ட பிரிஞ்சிடுவேன். ஃப்ரெண்டு கார் கொண்டுட்டு வர்றான். சைக்கிள உங்க வேன்லயே ஏத்திடலாம்."

அதில் தப்பாகத் தோன்ற ஒன்றுமில்லை. கொழுந்தன் சாப்பாட்டோடு வேனை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனான். இவர்கள் மேட்டில் ஏறினார்கள்.

முந்தின நாள் பெய்த மழையில் பாதை சொதசொதவென்று கிடந்தது. காவல் கோபுரத்தில் எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்தபோது தாடிக்காரர் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை. சாவடியில் நேர்மாறாக நடந்தது. மற்றவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே மரத்தடியில் ரொட்டியைப் பிரித்தார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் உள்ள நெழல்ல உக்காந்துக்கறேன்" என்றார். அதே நேரம் தோழிகளில் ஒருத்தியின் சைக்கிளில் சங்கிலி கழன்று சக்கரத்துக்குள் சிக்கிக்கொண்டது. அதை எடுப்பதற்குள் அக்காவின் கை முழங்கை வரை கறுப்பானது. தாடிக்காரர் கடைசியாக வந்ததும், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கதவைப் பூட்டினாள்.

எல்லாரையும் முன்னால் விட்டுப் பின்னால் வந்தவளுக்குச் சேற்றில் ஏதோ கண்ணை உறுத்தியது. தாடிக்காரருடைய டயர் தடத்தை அவள் காலையிலேயே கவனித்திருந்தாள். இப்போது அதே தடம் இரண்டு பேர் ஏறிப் போனது போல ஆழமாக விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பை புடைத்திருந்தது. வார் இரண்டும் அவர் தோளைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தன.



"பம்ப மறந்துட்டேன். மெதுவா போயிட்டே இருங்க!" என்று கத்திவிட்டுத் திரும்பினாள். பூட்டைத் திறந்து உள்ளே ஓடினாள். கோடியில் அத்தை இருந்த இடம் பொக்கைவாய் போலத் திறந்து கிடந்தது. தரையில் சுண்ணாம்புத் தூள். அதன்மேல் இரும்புக் கம்பியால் நெம்பியதில் தெறித்த புதுச் சில்லுகள்.

அப்படியானால் அவர் பையில் இரும்பும் இருக்கிறது.

கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கோட்டை மேட்டிலிருக்கும் பாறை மேல் நின்றால்தான் பேச முடியும். அதுவரை இவள், நான்கு விருந்தாளிகள், இரும்பு வைத்திருக்கும் ஒரு மனிதர். யாரிடமாவது சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அத்தை பாலத்தில் கார் ஏறிப் போய்விடுவாள். பிறகு பாதை போகும், கடை போகும், சாவி வைத்திருந்தவள் என்று முதல் விரல் இவள் பக்கம்தான் நீளும். எல்லாவற்றையும் மென்று விழுங்கிக்கொண்டு மிதித்தாள்.

"பம்பு கெடச்சுதா?" என்றார் தாடிக்காரர்.

"கெடச்சுது சார்."

அவர் பார்வை அவளுடைய சைக்கிள் சட்டத்துக்குப் போனது. பம்பு காலையிலிருந்து மாட்டியிருந்த இடத்திலேயே மாட்டியிருந்தது. அதில் சேற்றுத் துளிகள் காய்ந்திருந்தன. அதன்பிறகு அவளைத் தாண்டியும் போகவில்லை, பின்தங்கவும் இல்லை, பக்கத்திலேயே வந்தார்.

கோட்டை மேட்டில் மற்றவர்கள் இடிந்த மதிலைப் பார்க்கக் கலைந்தார்கள். அவள் பாறையில் ஏறினாள். இரண்டடி தள்ளி அவரும் வந்து நின்றார்.

"யாருக்கு ஃபோன்?"

"வேனுக்குத்தான். சாப்பாடு ஆறிடாம பாத்துக்கச் சொல்லணும்." மறுமுனையில் கொழுந்தன் எடுத்தான். "தம்பி, சாப்பாடு சூடா இருக்கட்டும். அத்தையும் எங்ககூடத்தான் வர்றாங்க."

"எந்த அத்தை?"

"உங்கம்மாதான். பாலத்துக்கு வந்துடுவாங்க. பெரியவங்க வர்றாங்க, ஆளுங்களக் கூட்டிட்டு வந்து மரியாதையா வரவேத்துக்கோ."

"அண்ணி, வெயில் தலைக்கு ஏறிடுச்சா? அம்மா போய்ச் சேந்து எத்தன வருஷமாச்சு!"

"ஆமாம்ப்பா, அவங்களேதான். இவ்ளோ நாள் ஒரே எடத்துல இருந்தவங்க, இப்பக் கெளம்பிட்டாங்க."

கொழுந்தனின் குரல் சட்டென்று இறங்கியது. "புரிஞ்சுது அண்ணி. நீங்க ஜாக்கிரதை."

வேலை முடிந்தது. இனி அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கீழே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் கோட்டைக்கும் பாலத்துக்கும் நடுவில் அந்த இறக்கம் இருந்தது. பழைய கல்படிகள் பெயர்ந்து, ஒரு பக்கம் சரளைச் சரிவு. வெறும் முதுகோடு போகிறவர்களையே பாதி வழிக்கு மேல் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளச் சொல்வாள். அந்தக் கனத்தோடு முன்சக்கரம் ஒரு படியில் தட்டினால், பை தலைக்கு மேலே வந்து ஆளைக் குப்புறத் தள்ளும். கண்ணை மூடிக்கொண்டால்கூட அவளால் அதைப் பார்க்க முடிந்தது.

சொன்னால் அவருக்குத் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால்?

மற்ற நால்வரையும் படிகளுக்கு மேலே நிறுத்திவிட்டு அவரிடம் போனாள். "சார், இங்க ஓட்டாதீங்க. பைய எறக்கி வச்சிட்டு வாங்க. இல்லன்னா நடந்தாவது வாங்க."

"பையில என்ன இருக்குன்னு நெனைக்கறீங்க?"

"என்ன இருந்தா எனக்கென்ன? கனம் இருக்கு. அது ஒங்களத் தூக்கிப் போட்டுடும்."

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். டாக்டரம்மாவின் பேச்சு பாதியில் நின்றது. தாடிக்காரர் மார்பு வாரை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினார். அவ்வளவுதான், படியில் இறங்கிவிட்டார்.

முதல் வளைவு வரை சமாளித்தார். இரண்டாவதில் முன்சக்கரம் கற்களுக்கு நடுவில் மாட்டியது. சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். சரளையோடு சரளையாகச் சரிந்து, முள்மரம் ஒன்றில் தோள்பட்டை சிக்கி நின்றார். பை மட்டும் நிற்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் விழுந்து கீழே இழுத்தது. மார்பு வார் மேலேறிக் கழுத்தில் இறுகியிருந்தது.

கியர் அக்கா உட்கார்ந்தபடியே சறுக்கிப் போனாள். அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கொக்கியை அமுக்கினாள்; கனத்தில் இறுகிப்போய் அசையவில்லை. சட்டைப்பையில் பேனாக்கத்தி இருந்தது. கேபிளைக் கட்டும் பிளாஸ்டிக் வார்களை வெட்டுகிற கத்தி. கத்தியைப் பார்த்ததும் அவருடைய ஒரு கை அவளைத் தடுக்க வந்தது. மறு கை அந்த நிலையிலும் பையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விடுங்க சார்! உசிரு போயிடும், விடுங்க!"

அவர் விடவில்லை. அவள் தோள்வாரை அறுத்தாள், பிறகு கழுத்து வாரை. பை கழன்று, சரிவில் ஒருமுறை குதித்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதன் மீதோ மோதியது. கல்லில் கல் உடையும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. அவர் இருமி இருமி மூச்சை இழுத்தார். டாக்டரம்மா புதர்களைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து, அவருடைய தோள்பட்டைக் காறையெலும்பைத் தொட்டுப் பார்த்து, "ஒடிஞ்சிருக்கு. அசையாதீங்க" என்றார். கியர் அக்கா அவர் சட்டையைப் பிடித்த பிடியை விடவேயில்லை. கொழுந்தன் போலீசோடு கூட்டி வந்த ஆட்கள் கயிறோடு மேலேறி வருவதற்குள் அவளுடைய கை மரத்துப்போயிருந்தது.

பாலத்தில் நின்ற கார் போலீசைப் பார்த்ததும் நழுவிவிட்டது. பை கிடைத்தது. உள்ளே முகம் இரண்டாகப் பிளந்திருந்தது, மூக்கு நொறுங்கிப்போயிருந்தது.

அவள் நினைத்த விரல் நீளத்தான் செய்தது. சாவி உன்னிடம், அந்த ஆளை உள்ளே தனியாக விட்டது நீ, கடைசியில் பையைப் பள்ளத்தில் தள்ளியதும் நீ. எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஃபோன். "அத்தை வர்றாங்கன்னா என்னம்மா அர்த்தம்? சரக்கு வருதுன்னா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். அவள் விளக்கினாள். கல் முகத்தை அத்தை என்று கூப்பிடுவேன் என்று ஒரு போலீஸ் அறையில் உட்கார்ந்து சொல்வது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "சாவடியிலேயே ஏன் சத்தம் போடல?" என்றார். "பயமா இருந்துச்சு சார்" என்றாள்.

பாதை மூடப்பட்டது. கொட்டகையில் சைக்கிள்கள் சுவரைப் பார்த்து நின்றன. கணவர் வேலை முடிந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய கையைத் தேய்த்துவிடுவார். தூக்கம் பிடிக்கவில்லை, கண்ணை மூடினால் அந்தக் கறுத்த முகம்.

முடிச்சை அவிழ்த்தது தாடிக்காரர்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வாக்குமூலம் கொடுத்தார்: அந்தம்மாவுக்கு இதில் சம்பந்தமே இல்லை, ஓட்டாதீங்க என்று சொன்னார், நான்தான் கேட்கவில்லை. கூட்டாளியின் பெயரையும் சொன்னார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று போலீசுக்கே ஆச்சரியம். டாக்டரம்மா படியருகே கேட்டதும் அதோடு ஒத்துப்போனது. முகத்தை ஒட்டவைத்தார்கள், காவலாள் ஒருவரைப் போட்டார்கள், பாதையைத் திறந்தார்கள். சாவி மட்டும் அவளிடம் திரும்பி வரவில்லை. "நல்லதாப் போச்சு" என்றான் கொழுந்தன்.

வழக்கு நாளன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவரைப் பார்த்தாள். தாடியை எடுத்திருந்தார், ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. பக்கத்தில் போலீஸ்காரர். பெஞ்சில் வேறு இடமில்லாததால் எதிரிலேயே உட்கார வேண்டியதாயிற்று.

"கல்லு போனாப் போகட்டும்னு அறுத்தீங்களா?" என்று கேட்டார், தரையைப் பார்த்தபடி.

"அப்ப எதுவும் யோசிக்கலைங்க. உங்க மூஞ்சி கறுத்துட்டு வந்துச்சு."

அவர் தலையாட்டினார். "தோள் இன்னும் தூக்க வரல."

"தெனம் கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுப் பாருங்க. அப்படியே விட்டா எறுகிடும்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கத் தடுமாறினார். அவள் தன்னையறியாமல் கையை நீட்டிவிட்டு, போலீஸ்காரர் பார்ப்பதைக் கண்டு மடக்கிக்கொண்டாள்.

சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தபோது கணவர் வாசலில் நின்றிருந்தார். வேலைக்கு லீவு போட்டது அவளுக்குத் தெரியாது. சட்டையில் மாவு இல்லாமல் அவரைப் பார்த்தே வெகு நாளாகியிருந்தது.

"முடிஞ்சுதா?"

"என் பங்கு முடிஞ்சுது."

"நாளைக்கு ஆள் வர்றாங்களாமே, தம்பி சொன்னான்."

"வர்றாங்க. நீங்களும் வாங்களேன், ஒரு நாளைக்கு."

"எனக்கு எலும்பு முக்கியம்" என்றார் அவர். பேருந்து நிறுத்தம் வரை இருவரும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.