கண்ணை மூடியதால் தப்பித்தேன்

“போட்டோல கண்ண மூடாத!” என்பது என் கணவரின் ஓயாத புலம்பல். பிளாஷ் மின்னினால் என் கண் தானாக மூடிக்கொள்ளும்.

புனேயில் விஷ்ராந்த்வாடி வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை, வேலை விண்ணப்பத்துக்காக என்னை நானே படமெடுக்க முனைந்தேன். அவருடைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பக்கத்தில் ஹாலஜன் விளக்கை எரியவிட்டேன். தலைக்குக் குளித்த முடி காயும்வரை பொறுக்கவில்லை. கேமராவில் டைமரை அழுத்திவிட்டு ஓடிவந்து, ஈர முடியைப் பின்னால் உதறினேன். கொதித்துக்கொண்டிருந்த விளக்கில் நீர் தெறித்தது. பிளாஷ் மின்னிய அதே நொடியில் விளக்கு வெடித்துச் சிதறியது. சில்லுகள் நெற்றியையும் கன்னத்தையும் கிழித்தன. ரத்தம் வாய்க்குள் இறங்கியது. வேட்டி பற்றி எரிந்தது. ஓடிவந்த கணவர் அதைப் பிடுங்கி மிதித்தபடி, “கண்ணத் தொறக்காத! இமை மேலெல்லாம் கண்ணாடி!” என்று அலறினார்.

இப்போதெல்லாம் தலை காய்ந்த பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில்தான் படம். அதில் கண் மூடியிருந்தாலும் அவர் புலம்புவதில்லை.