பதினொன்றில் மூடாத வளையம்

போன மாதம் ஒரு காலை. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்ன சார், அறுவடை மெஷின் தெருவுக்குள்ளயே வந்துட்டுதா?" என்றார்.

வரவில்லை. சத்தம் எங்கள் தஞ்சாவூர் வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து. நானே செய்த டிஸ்க் சாண்டர் முதல்முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஒரு பழைய தண்ணீர் மோட்டார். அதன் முனையில் வட்டமாக அறுத்த பிளைவுட். அதன்மேல் ஒட்டிய உப்புத்தாள். முன்னால் மேஜையாக, சமையலறை மேடை போட்டதில் மிஞ்சிய கடப்பாக்கல். மரத்துண்டைக் கல்லில் வைத்து, சுற்றுகிற தாளில் மெல்ல அழுத்தினால் முனை சமமாகத் தேய்ந்துவிடும். கையால் தேய்த்தால் ஆகாதா? ஆகும்... ஆனால் ஓரம் உருண்டுபோகும். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியும்.

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு?

திருவிடைமருதூரில் இருக்கும் என் அக்காவின் மகள் பவித்ராவுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். சீருக்கு ஒரு வெள்ளித்தட்டு வாங்குவதாகச் சொன்னேன்.

"வெள்ளி வேணாம் மாமா. அப்பா வச்ச பலாமரம் இருக்குல்ல... அதுல ஒரு தட்டு செஞ்சு குடுங்க" என்றாள்.

அத்தான் இறந்து பல வருஷம் ஆகிறது. கொல்லையில் அவர் வைத்த பலாவையும் பிறகு வந்த புயல் சாய்த்துவிட்டது. அடுப்புக்குப் போகாமல் அக்கா எடுத்து வைத்திருந்தது சில குட்டைத் துண்டுகள்தான். அதில் அகலப் பலகை எடுக்க முடியாது. சின்னச் சின்னதாக, முனை சரிவாக அறுத்து, வளையமாக ஒட்டி, பிறகு லேத்தில் கடைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிண்ணம் கடைகிற கூத்தைப் பற்றி இங்கே ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சரி என்றேன்.

அக்காவுக்கு இஷ்டமில்லை. "சம்பந்தி வீட்டு முன்னாடி மரத்தட்டாடா? எங்கயாச்சும் இடுக்கு தெரிஞ்சுது... உள்ள எடுத்து வச்சிடுவேன், ஆமா."

நியாயம்தான். வேறு மரமும் கிடையாது. கெடுத்தால் கெட்டதுதான். அத்தானின் மரம் மகள் கல்யாணத்துக்கு வருமா, வராதா என்பது என் கையில் வந்து நின்றது.

பழப்பெட்டிக் கட்டையில் ஒத்திகை பார்த்தேன். பன்னிரண்டு துண்டு. ஒவ்வொரு முனையும் பதினைந்து டிகிரி. பாகைமானியை வைத்துக் கல்மேல் ஒரு சட்டத்தைப் பொருத்தி, அதை ஒட்டித் தேய்த்தேன். வளையம் கச்சிதமாக மூடியது. பெருமை தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எத்தனை துண்டு?"

"பன்னெண்டு."

"சீர்த்தட்டுடா அது. ரெட்டப்படையில செய்வாங்களா யாராச்சும்?"

எங்கள் பக்கம் வரிசைத்தட்டு எப்போதும் ஒற்றைப்படைதான்... பதினொன்று, இருபத்தொன்று என்று போகும். அது தட்டுகளின் எண்ணிக்கைக்கு. தட்டுக்குள் இருக்கும் துண்டுக்குமா? கேட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஒற்றைப்படை என்றதும் என் புத்தி நேராகப் பதினொன்றில் போய் உட்கார்ந்தது. முனைக்குப் பதினாறரைக்கும் கொஞ்சம் குறைவான டிகிரி. பாகைமானியில் அதற்குக் கோடு கிடையாது. கண்மதிப்பாக வைத்தேன். ஒத்திகைதான் பார்த்தாயிற்றே என்ற தெம்பில் பலாவிலேயே இறங்கிவிட்டேன்.

ஒரு முனையில் இம்மியளவு பிழை. எல்லா முனைகளிலும் அதே இம்மி. கடைசித் துண்டை வைத்தபோது வெற்றிலைக் காம்பு நுழைகிற இடைவெளி! சட்டத்தை நகர்த்தி எல்லாவற்றையும் மறுபடி தேய்த்தேன். வெளிப்பக்கம் இருந்த இடைவெளி உள்பக்கம் வந்தது. கீழே மஞ்சள் தூள் குவிந்துகொண்டே போனது. இப்படியே போனால் கடைசியில் குங்குமச் சிமிழ்தான் மிஞ்சும். மோட்டாரை நிறுத்திவிட்டேன். நிஜமாகவே பயமாக இருந்தது.

அந்த வாரம் புடவை எடுக்க வந்த பவித்ரா ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். வளையத்தைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள்.

"ஏன் மாமா பதினொண்ணு?"

"ஒங்கம்மாதான் ஒத்தப்படைன்னா."

"ஒம்போதும் ஒத்தப்படைதானே? முந்நூத்தறுபத ஒம்போதால வகுத்தா நாப்பது. முனைக்குப் பாதியா இருபது. அதுக்குக் கோடு இருக்குமே."

இருந்தது. கொட்டை எழுத்தில்.

"தட்டு சின்னதாயிடுமேம்மா..."

"வெத்தலபாக்கு வைக்க எடம் இருந்தா போதும் மாமா."

ஒன்பது துண்டையும் இருபது டிகிரிக்குத் தேய்த்தேன். வளையம் மூடியது. பசை காய்ந்ததும் கடைந்து, தேக்கில் அடிப்பலகை வைத்து, அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு இணைப்பிலும் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். எங்கும் நகம் மாட்டவில்லை. வெற்றிலையை எடுத்து அதில் அடுக்கினாள்.

கல்யாணத்தன்று காலை திருவிடைமருதூர் மண்டப வாசலில் பெண்கள் ஆளுக்கொரு தட்டாக எடுத்தார்கள். கணவனை இழந்தவர்கள் வரிசைத்தட்டைத் தொடுவதில்லை என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா இத்தனை வருஷமும் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் பின்னால்தான் நின்றிருக்கிறாள். எங்கள் சித்தி பலாத்தட்டுக்குக் கை நீட்டினார்.

"விடுங்க சித்தி. அத நான் எடுத்துக்கிறேன்" என்றாள் அக்கா.

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அவர் வச்ச மரம். நான் எடுக்காம வேற யாரு எடுப்பா?"

தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். வாசலில் இருந்த சம்பந்தியம்மா நாயனக்காரரைப் பார்த்து வாசிக்கச் சொல்லிக் கையசைத்தார். அக்கா முதலில் நடந்தாள்.

கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டது என்று சமாளிக்கவும் எனக்கு வழியில்லை... சாண்டர் தஞ்சாவூரில் இருந்தது.