போவீங்களா என்றுதான் கேட்டாள்

தனக்கு வேண்டியதை வேண்டாம் என்று ஒரு மனிதர் தன் வாயாலேயே ஏன் சொல்வார்? கொர்னேலியஸ் அப்படிச் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டபோது எனக்கு விடை தெரியவில்லை.

தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் மனைவி ஆனியோடு இருக்கிறார் அவர். இருபது வருடம் சுரங்கத்துக்குள் வேலை பார்த்து, நெஞ்சு நிறையத் தூசியோடு வெளியே வந்தவர். வியாழக்கிழமைதோறும் தெருமுனை கிளினிக்குக்கு ஒரு நெஞ்சு டாக்டர் வருவார். அந்தத் தெருமுனை வரை நடப்பதற்குள் கொர்னேலியஸ் இரண்டு இடத்தில் உட்காருவார்.

போன வருடம், மருத்துவ வசதிகளை மாற்றியமைக்கப் போகிறார்கள் என்று ஒரு கம்பெனி வீடு வீடாகக் கருத்துக் கேட்டது. போனும் கையுமாக வந்தவள் பக்கத்து வீட்டு ஜூடித். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

“அங்கிள், நெஞ்சு டாக்டர் கோலார் டவுன்ல ஒக்காந்தா போவீங்களா?”

“இன்னா கேள்வி இது? சுரங்கத்து கேஜ்ல ஏறி பாதாளத்துக்கு எறங்கினவன் நானு. கோலார் போக மாட்டனா?”

“எறங்கினாரு, எறங்கினாரு,” என்றாள் ஆனி. “இப்போ பாத்ரூம் போயிட்டு வந்தா அஞ்சு நிமிஷம் பேச்சு வராது. போக மாட்டாருன்னு போடு ஜூடி.”

“நீ சும்மா இரு!”

“லிஸ்ட்ல அங்கிள் பேருதான் ஆன்ட்டி இருக்கு. அவரு சொல்றதத்தான் போடணும். மூச்சு வாங்குதா அங்கிள்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

சுரங்க நாட்களில் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் சொன்னால் ‘அன்ஃபிட்’ என்று எழுதி ஷிப்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். அதனால் எவர் எழுத வந்தாலும் அந்த நாக்குக்கு ஒரே பதில்தான். லைனிலிருந்த பழைய தொழிலாளிகள் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

மூன்று மாதத்தில் கிளினிக் பூட்டப்பட்டது. கதவில் ஒரு காகிதம்: நூற்றுக்கு எண்பத்தாறு பேர் கோலாருக்கு இடமாற்றத்தை விரும்புகிறார்கள்.

கொர்னேலியஸ் அங்கிருந்து நேரே ஜூடித் வீட்டு வாசலுக்குப் போனார். மூச்சு திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போவீங்களான்னுதானேம்மா கேட்ட? விரும்பறீங்களான்னு எப்போ கேட்ட?”

“அப்படி ஒரு கேள்வியே போன்ல இல்ல அங்கிள். பெங்களூரு ஆபீஸ்ல அவங்களே அப்படி எழுதிக்கிட்டாங்க.”

“என் இருமலால நீ எத்தன ராத்திரி தூங்காம கெடந்திருக்க? அத எங்க போட்ட?”

“அதப் போட எடமே இல்ல அங்கிள்.”

அவர் கோலாருக்கு ஒரே ஒருமுறை போனார். பஸ்ஸில் நின்றுகொண்டே போய், வரிசையில் மயங்கி விழுந்து, டாக்டரைப் பார்க்காமலே திரும்பினார். இப்போது வியாழக்கிழமைகளில் வீட்டிலேயே படுத்திருக்கிறார். ஜூடித் வணக்கம் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். தன் வாயும் சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டது என்று ஆனியிடம் மட்டும் சொன்னாராம்.

கருத்துக் கேட்பவர்கள் அடுத்து நந்திதுர்க் சுரங்க லைன்கள் பக்கம் போகிறார்களாம். அங்கே உங்களுக்குத் தெரிந்த பழைய சுரங்கத் தொழிலாளிகள் இருந்தால், கருத்துக் கேட்க ஆள் வருவதற்கு முன்பே இதைப் படித்துக் காட்டுங்கள். கேட்டவர்களை இன்னும் நாலு வீட்டில் சொல்லச் சொல்லுங்கள்.