பன்னிரண்டரை மணி ஜெபமும் என் கடைசித் தேர்வும்

ஆகஸ்ட் மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, காலை 7.10. விடுதிப் பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகக் கணினியைத் திறந்தேன். எம்.ஏ. தேர்வு முடிவுக்காக அப்படித் திறந்து பார்ப்பது எனக்குத் தினசரி வேலையாகியிருந்தது. அன்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. கடைசித் தாளின் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, தேர்வு நேரத்தில் நீங்கள் வேறு நபர்களுடன் பேசியது பதிவாகியிருக்கிறது, பத்து நாளுக்குள் விளக்கம் தரவும் என்று இருந்தது. கீழே ஒரு கேள்வி: "யாரிடம் பேசினீர்கள்?"

நான்கு முறை படித்தேன். எழுந்து கதவு வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடியும் நடந்தேன். பதினோரு எட்டு. அடுத்த மூன்று வாரமும் அந்தப் பதினோரு எட்டைத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

அன்பானவர்களே, என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பத்தேழு வயது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு உறைவிடப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக விடுதிக் காப்பாளர். அறுபத்துநான்கு பிள்ளைகள். கணவர் கள்ளக்குறிச்சியில் மோட்டார் பழுது பார்க்கிறார். மாதம் இரண்டு ஞாயிறு நான் இறங்குவேன், மற்ற ஞாயிறுகளில் அவர் ஏறுவார். இளம் வயதில் வரலாறு எம்.ஏ. சேர்ந்து, அப்பா படுத்த படுக்கையானதால் முதல் ஆண்டிலேயே விட்டேன். அந்தக் குறை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் வரப்போகிறது என்று தெரிந்தபோது தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "எம்.ஏ. முடிச்சிடுங்க. வரலாறு உங்களுக்குத்தான்" என்றார். ஆன்லைனில் சேர்ந்தேன்.

இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டியது. பிள்ளைகளுக்கு அம்மை போட்ட ஒரு பருவமும், மழையில் இணைப்பு அறுந்த ஒரு பருவமும் என் கையை விட்டுப் போயின. நான்கு ஆண்டுக் கெடுவின் கடைசிப் பருவத்தில் கடைசி ஒரு தாள் மட்டும் மிச்சம். அது போனால் எல்லாத் தாளும் செல்லாது. மறுபடியும் முதலிலிருந்து.

அந்தத் தாளை ஜூலையில் ஒரு சனிக்கிழமை எழுதினேன். நேரம் 11 முதல் 1 வரை. செல்பேசி சிக்னல் எங்களுக்குப் பள்ளியின் வாசல் கேட்டுக்கு அருகில்தான் கிடைக்கும். கம்பி வழி இணைப்பு இருப்பது அலுவலக அறையில் மட்டும். அந்த அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஒரு ஜன்னல். தேர்வு எழுதுகிறவரைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அறையில் வேறு யாரும் கூடாது, வாய் திறக்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்து, முந்தின நாளே ஒரு தாளில் வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்தவள் நான். ஜன்னலைச் சாத்தினேன். அதன் கொக்கி உடைந்திருந்ததால் துணி வைத்து அடைத்தேன். சமையல் செய்யும் அஞ்சலையக்காவிடம், "இன்னைக்கு சாப்பாட்டு ஜெபத்தை நீங்க தொடங்குங்க" என்று சொல்லி, வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தேன்.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம். 12.30க்கு மணி அடிக்கும். சோறு தட்டில் விழும். ஆனால் காப்பாளர் முதல் வரியைச் சொல்லாமல் ஒரு பிள்ளையும் தட்டில் கை வைக்காது. நான் ஒரு வரி சொல்வேன், பிள்ளைகள் பதில் சொல்வார்கள். "இந்தச் சோற்றுக்காக" என்பேன். "நன்றி ஆண்டவரே" என்பார்கள். "சமைத்த கைகளுக்காக." "நன்றி ஆண்டவரே." பதினான்கு ஆண்டுகளாக இப்படித்தான்.

அன்று மணி அடித்தது. நான் ஐந்தாம் கேள்வியில் இருந்தேன். தட்டுச் சத்தம் கேட்டது, பிறகு அடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அறுபத்துநான்கு பிள்ளைகள் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அமைதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் விரல்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. வாய் மட்டும் தானாகத் திறந்து, உரத்த குரலில், "இந்தச் சோற்றுக்காக" என்றது.

"நன்றி ஆண்டவரே!"

கடைசி வரி வரை சொல்லி ஆமென் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் எதிரே கேமராவின் பச்சை விளக்கு கண்ணில் பட்டது. அதோடு ஐந்தாம் கேள்வி பாதியிலேயே நின்றது.

தேர்வு முடிந்து கூடத்துக்குப் போனபோது அஞ்சலையக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அத்தினி மூஞ்சியும் என்னியே பாத்துக்கினு இருக்குதும்மா. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. சீட்டு வேற ரசத்துல வுழுந்துட்சி."

பல்கலைக்கழகம் கேட்டது அந்தப் பேச்சைத்தான். நான் ஒன்று சொல்ல, பலர் பதில் சொல்கிறார்கள். பதிவை மட்டும் கேட்கிறவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

கணினி ஆசிரியர் செல்வம் தம்பி மின்னஞ்சலைப் படித்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், இதுல யோசிக்க இன்னா இருக்குது? பக்கத்து ஹால்ல புள்ளைங்க சத்தம், நான் வாயே தொறக்கலன்னு எழுதிடுங்க. பாதி நேரம் குனிஞ்சிக்கினுதான் இருந்திருப்பீங்க. யாரு குரல்னு அவங்களால நிரூபிக்க முடியாது."

"பொய்யாச்சே தம்பி."

"பாதிதான் பொய். புள்ளைங்க சத்தம் நெஜந்தானே?"

சாட்சி சொல்ல வந்த இடத்தில் மறைப்பதற்கில்லை. செல்வம் தம்பி சொன்ன அந்தப் பொய்யை நான் அப்படியே கடிதமாக எழுதினேன். செவ்வாய் இரவு சாப்பிடவில்லை. புதனும் வியாழனும் என்ன செய்தேன் என்று நாட்குறிப்பில் நேர வாரியாக இருக்கிறது, மனதில் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டாம் முறை மருந்து கொடுக்கப் போனபோது, அவளே "அம்மா, குடிச்சிட்டேன்" என்று தடுத்தாள். ஜெபத்தில் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவேன். ஆண்டவரே, எப்படியாவது காப்பாற்றும் என்பேன். அந்த 'எப்படியாவது'க்குள் அந்தப் பொய்க் கடிதமும் இருந்தது. அதனால்தான் என்னால் அவர் முன்னால் உட்கார முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை 4.20க்குக் கடிதத்தை இணைத்து, அனுப்பு என்று அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இணைப்பு போய்விட்டது. மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்து கம்பியை அறுத்துவிட்டது என்று மறுநாள் தெரிந்தது. அன்று நான் மேசையைத் தட்டி, "இதையுமா கெடுக்கிறீர்?" என்று ஆண்டவரிடமே கோபப்பட்டேன். கேட்டுக்குப் போய்ச் செல்பேசியில் முயன்றேன். அதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை 5 மணிக்கு வழக்கம்போல நாட்குறிப்பை எடுத்தேன். போகாமல் நின்ற கடிதத்தில் தேர்வின் நேரங்கள் சரிதானா என்று பார்க்க ஜூலைப் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இருந்தது: "12.30 மணி. 12.32 பிள்ளைகள் காத்திருந்தார்கள். நானே ஜெபம் தொடங்கிவிட்டேன். ஆண்டவரே, பார்த்துக்கொள்ளும்."

இருபத்திரண்டு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு வரி பொய் எழுதியதில்லை, ஒரு பக்கம் கிழித்ததில்லை. என் புத்தகத்தில் ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று என்று எழுதத் துணிந்துவிட்டேனே என்று அழுதேன். வேதாகமத்தின் தானியேல், ஜெபிக்கக் கூடாது என்ற ராஜாவின் தடை தெரிந்தே ஜன்னலைத் திறந்து ஜெபித்தவர். நான் ஜன்னலை அடைத்துவிட்டு மறதியில் ஜெபித்தவள். ஆனாலும் ஜெபித்தேன். அதை இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அந்த இடத்திலேயே முழங்காலிட்டேன். இந்த முறை 'எப்படியாவது' என்று கேட்கவில்லை. உண்மையை எழுதுகிறேன், மிச்சம் உம்முடையது என்றேன்.

இரண்டு நாளாகியும் இணைப்பு வரவில்லை. திங்கட்கிழமை காலை 6.15 பேருந்தில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். கணவர் நிறுத்தத்தில் நின்றார். கணினி மையத்தில் என் புதிய கடிதத்தை வாங்கி மெதுவாகப் படித்தார்.

"இன்னாடி இது, நீயே போயி தலைய குடுக்கறாப்புல இருக்குது?"

"நடந்தது அதுதான்."

"பரீட்ச நேரத்துல கேமராவுக்கு எதிர்க்க ஜெபம் பண்ணவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அனுப்பு. போனா போவுது. இன்னொருக்கா மொதல்லருந்து படி. நான் இருக்கறேன்" என்றார்.

யாரிடம் பேசினீர்கள் என்ற கேள்விக்கு நேராக நான் எழுதியிருந்தது: "ஆண்டவரிடம். பதில் சொன்ன குரல்கள் என் விடுதிப் பிள்ளைகளுடையவை." நாட்குறிப்பின் ஜூலைப் பக்கத்தையும் படமெடுத்து இணைத்து அனுப்பினேன்.

செப்டம்பர் இரண்டாம் புதன், காலை 10 மணிக்குக் காணொலி விசாரணை என்று பதில் வந்தது. அன்று காலை நாட்குறிப்பில் என் விண்ணப்பத்தை எழுதினேன். பக்கத்தின் இடப்பக்கம் விண்ணப்பம், வலப்பக்கம் கிடைத்ததா இல்லையா என்று குறிப்பது என் பழக்கம். "விசாரணை 12 மணிக்குள் முடிய வேண்டும். பிள்ளைகள் சத்தம் இன்றும் கேட்டுவிடக் கூடாது" என்று எழுதினேன்.

பத்து மணிக்கு உட்கார்ந்தேன். திரையில் காத்திருக்கவும் என்று வந்தது. 10.30. 11. 11.45. என்னைப் போல எத்தனையோ பேரை விசாரிக்கிறார்கள். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. எழுந்து நடக்கவும் பயம், அதற்குள் கூப்பிட்டுவிட்டால்? 12.21க்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார்தான் கேட்டார்.

"நீங்கள் ஜெபம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவில் வார்த்தைகள் தெளிவாக இல்லை. நீங்கள் ஏதோ கேட்கிறீர்கள், ஒரு கூட்டம் பதில் சொல்கிறது. விடை சொல்வது போலத்தானே இருக்கிறது?"

நான் விளக்கத் தொடங்கினேன். வார்த்தை கோவையாக வரவில்லை. அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஏதோ எழுதிக்கொண்டார். போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது மணி அடித்தது.

"அது என்ன சத்தம்?"

"சாப்பாட்டு மணி, அம்மா. பிள்ளைகள் வந்துவிட்டார்கள்."

தட்டுச் சத்தம் கேட்டது, அடங்கியது. பத்து மணி விசாரணைதானே, 12.30க்குள் வந்துவிடலாம் என்று அன்று நான் யாரிடமும் ஜெபப் பொறுப்பைக் கொடுத்திருக்கவில்லை. அமைதி நீண்டது. அந்த அமைதி திரைக்கு அந்தப் பக்கமும் போயிருக்க வேண்டும்.

"ஏன் யாரும் சாப்பிடவில்லை?" என்று அம்மையார் கேட்டார்.

"நான் முதல் வரி சொல்ல வேண்டும், அம்மா. சொல்லாமல் தொட மாட்டார்கள்."

ஜன்னலுக்கு அப்பாலிருந்து அஞ்சலையக்காவின் குரல்: "அம்மா, சோறு ஆறிக்கினு கெடக்குது!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மையார், "சரி, சொல்லுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்" என்றார்.

நான் கண்ணை மூடினேன். "இந்தச் சோற்றுக்காக" என்றேன்.

"நன்றி ஆண்டவரே!"

"சமைத்த கைகளுக்காக."

"நன்றி ஆண்டவரே!"

ஆமென் வரை சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தவர் காதில் ஒலிக்கருவியை வைத்து ஜூலைப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்போது கேட்ட பிறகு வார்த்தை புரிகிறது. அதே வரிகள்தான் மேடம். கடைசி ஆமென் வரை அதேதான்" என்றார். அம்மையார் எழுதி முடித்துவிட்டு, "நீங்களும் போய்ச் சாப்பிடுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

பத்து மணிக்கே கூப்பிட்டிருந்தால் என் வார்த்தை மட்டும்தான் அங்கே சாட்சியாக இருந்திருக்கும். அது போதாமல் போயிருக்கும். இரண்டு மணி நேரம் நான் முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்த தாமதமே எனக்கு வந்த உதவி. அன்று மாலை நாட்குறிப்பில், '12 மணிக்குள் முடிய வேண்டும்' என்ற விண்ணப்பத்துக்கு எதிரே, வலப்பக்கத்தில், "கிடைக்கவில்லை. ஸ்தோத்திரம்" என்று எழுதினேன்.

பதினாறாம் நாள் முடிவு வந்தது. ஐம்பத்துநான்கு மதிப்பெண். பெரிய மதிப்பெண் இல்லை. ஐந்தாம் கேள்வி பாதியில் நின்றிருக்கிறது, அது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கணவரிடம் சொன்னபோது, "அந்தப் பாதி கேள்விக்கும் சேத்து அவரு மார்க் போட்டுட்டாரு வுடு" என்றார். செல்வம் தம்பி இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து, "நான் சொன்னத கேக்காம இருந்ததுக்கு டீச்சர்" என்று நீட்டினார்.

இப்போது நான் நேரம் குறித்து விண்ணப்பிப்பதில்லை. நடந்ததை உள்ளபடி அவரிடம் சொல்கிறேன், அதோடு எழுந்துவிடுகிறேன். பதினோரு எட்டு நடை குறைந்திருக்கிறது. முழுவதும் நின்றுவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இதைப் படிக்கிற சகோதரியே, சகோதரனே, உங்கள் மேசையிலும் அனுப்பாத ஒரு கடிதம் இருக்கலாம். பாதி பொய்யோடு உதவி கேட்டு அலைந்துகொண்டிருக்கலாம். உண்மையை எழுதி அனுப்புங்கள். பதில் நீங்கள் குறித்த மணிக்கு வராது. ஆனால் வரும். அவரை நம்பிப் பாருங்கள்.

நான் இப்போது பிளஸ் ஒன் வகுப்புக்கு வரலாறு சொல்லித் தருகிறேன். அந்த வகுப்பு 12.30க்குத்தான் முடிகிறது. நான் கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அஞ்சலையக்கா தொடங்கிவிடுகிறார். சீட்டு இல்லாமல், கரண்டியைக் கையில் பிடித்தபடி, சத்தமாகவே சொல்கிறார். நான் வாசலில் பிள்ளைகளோடு நின்று பதில் சொல்கிறேன்.