தையல்நாயகி கழுத்தில் இரண்டு தழும்புகள்

என் தங்கை சின்னப்பாப்பாவின் மகள் தையல்நாயகி. பெரிய மார்க்கெட்டில் பூக் கட்டி விற்பவள். அவள் புருஷன் முருகையன், வேலை பார்த்த மில் மூடியதும் சேதராப்பட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். போனவன் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனமும் வைத்துக்கொண்டான். ஆனாலும் அவன் கட்டிய தாலிக்கு மாமியார் குஞ்சம்மாள் ஆடிக்கு ஆடி புதுக் கயிறு மாற்றுவாள். மகனை மாற்ற முடியாதவள் கயிற்றையாவது மாற்றினாள்.

2006 மழைக்காலத்தில் தையல்நாயகிக்குக் காலில் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஐசியூவில் போட்டோம். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. அதற்கான மருந்தைக் கை நரம்பு வழியாகத் தொடர்ந்து ஏற்றினால் சதை வெந்துபோகுமாம். கழுத்திலுள்ள பெரிய ரத்தக் குழாயில் டியூப் போட வேண்டும், தாமதித்தால் பிழைக்க மாட்டாள் என்றார் டாக்டரம்மா.

"கழுத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதும்மா. தாலிய கழட்டிக்குங்க."

"எம்புள்ள உசுரோட இருக்கையில தாலிய அவுக்கறதா?" குஞ்சம்மாள் கதவை மறித்துக்கொண்டாள்.

"ஒங்க புள்ள உசுரு சேதராப்பட்டுல சௌக்கியமா இருக்கு சம்மந்தி. இங்க போறது எங்க புள்ள உசுரு. நவுருங்க" என்றேன்.

நர்ஸ் கயிற்றை அவிழ்த்துக் குஞ்சம்மாளிடம் கொடுத்தாள். கழுத்தில் கயிறு கிடந்த இடத்தில் மஞ்சளும் வேர்வையும் கலந்த அழுக்கு வரிவரியாகப் படிந்திருந்தது. ஊக்கு கோத்த இடத்தில் துரு. மருந்தால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்து, காயும்வரை காத்திருந்தார்கள். டாக்டரம்மா கை கழுவி, கவுன் போட்டு, முகம் மூடி, அவளைத் தலை முதல் கால்வரை துணியால் போர்த்தி, ஸ்கேன் பெட்டியில் குழாயைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மறுநாளே அழுத்தம் தேறியது.

அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் குஞ்சம்மாள் உள்ளே போய் வந்தாள். "திருநீறு வச்சிட்டு வந்தேன்" என்றாள். அடுத்து நான் போனால், மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்டத் தாலி மறுபடி கழுத்தில் கிடக்கிறது! பிளாஸ்டரைத் தூக்கி, டியூபுக்கு அடியில் நுழைத்து முடிச்சுப் போட்டிருந்தாள். நர்ஸ் ஓடி வந்து கத்தரித்தாள். குஞ்சம்மாள் அதை வாங்கி ஈரத்தோடு மடியில் முடிந்துகொண்டாள்.

"கிருமி போறதுக்கு நீங்களே வழி வுட்டுட்டீங்களே" என்று டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டே நாளில் காய்ச்சல் கொதித்தது. டியூப் போட்ட இடத்தில் சீழ். அந்த டியூபை உருவி எடுத்துவிட்டு, கழுத்தின் மறுபக்கம் வேறு போட்டார்கள். அந்தச் சீழ் வாடை இன்னும் என் மூக்கில் நிற்கிறது. அதைவிட நாறியது குஞ்சம்மாள் சொன்ன நியாயம்: "போனாலும் சுமங்கலியா போவட்டும்னுதான்."

தையல்நாயகி போகவில்லை. பிழைத்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று முருகையன் பிராந்தி வாடையோடு வந்தான். பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தான்.

"தாலி எங்கடி?"

"ஒங்கம்மா மடியில. எடுத்தும்போயி சேதராப்பட்டுலயே கட்டு. அவ கழுத்துல இன்னும் ஓட்ட வுழல."

சொல்லிவிட்டு, "பெரிம்மா, ஆட்டோவ கூப்புடு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

குஞ்சம்மாள் மடியை அவிழ்த்துத் தாலியை நீட்டினாள். மகன்கூடக் கை நீட்டவில்லை. ஈரத்தோடு முடிந்துவைத்த கயிற்றில் பூஞ்சை பூத்திருந்தது.