இரண்டாம் பிடி

எங்கள் அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் விளிம்பு உடைந்த ஒரு சின்னக் கலயம் இருந்தது. உலையில் அரிசி இடுமுன் அம்மா ஒரு பிடி அள்ளி அதில் போடுவாள். அது பிடியரிசி, சபைக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு அரிசியும் வேதக் கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். பனையேறிகள் வீட்டில் பாதி நாள் உலையே ஏறாது. ஏறுகிற நாளில் அந்தப் பிடி தவறாது.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். சர்க்கார் வரியைப் பற்றிப் பேச அவருக்கு அந்தக் கலயம்தான் உவமை. எல்லாரும் வரி கட்டினாலும் திருவிதாங்கூர்ப் பட்டாளத்தில் அப்போது ஒரே சாதியாரைத்தான் சேர்ப்பார்கள். "பிடியரிசி எல்லா வீட்டுலயும் வாங்குவாவ, சோறு மட்டும் ஒரு வீட்டுக்கா?" என்று கூட்டம்தோறும் கேட்பார். மழைக்காலத்தில் ஊர் ஓடையைத் தாண்டிப் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாது. பாலம் கேட்டால் பணமில்லை என்றுதான் பதில் வரும். "பட்டாளத்துக்குத் தொப்பி வாங்கப் பணம் உண்டு, நம்ம பிள்ளையளுக்குப் பாலம் போட இல்ல. அந்தத் தொப்பியாவது நம்ம பிள்ளை தலையில ஏறாண்டாமா?" கூட்டம் சிரிக்கும், பிறகு கொதிக்கும். அவர் மகள் என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் திமிரே உண்டு.

முப்பதுகளின் நடுவில் பட்டாளத்தின் கதவு திறந்தது. இனி எல்லாச் சாதியாரும் சேரலாம் என்றதும் கோயில் மணியை அடித்துக் கொண்டாடினார்கள். மரம் ஏறி ஏறி எங்கள் பையன்களுக்கு மார்பு அகலம். அதில் சதைதான் இல்லை. ஆகவே ஆள் எடுப்பு வரைக்கும் பிடியரிசியை ஏலம் போடாமல் அவர்களுக்குப் பொங்கிப் போடலாம் என்றார் அப்பா. கோயிலை நடத்தும் உபதேசியார் தயங்கினார். "கர்த்தருக்குப் பசிக்காது ஓய்" என்று அப்பா அவர் வாயை அடைத்துவிட்டார்.

கோயிலுக்குப் பின்னால் அம்மாவும் நானும் பொங்கினோம். பையன்கள் தென்னை மட்டையைத் துப்பாக்கியாகத் தோளில் வைத்து நடை பழகிவிட்டு வந்து வரிசையாக உட்காருவார்கள். வரிசையில் முதல் ஆள் என் அண்ணன். "முதல்ல எம் மவன் போவான்" என்று அப்பா கூட்டத்தில் சொல்லியிருந்தார். அவனுக்கு அடுத்து எதிர்வீட்டுப் பனையேறி மாமாவின் மகன். அவன் ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்பான். மீன் இல்லையே என்று முகம் சுளிப்பவன் அண்ணன்.

ஆள் எடுப்பு அன்று, நாகர்கோவிலுக்கு நடக்கப் புறப்பட்டவர்கள் அண்ணனைக் கூப்பிட எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்பாதான் வெளியே போனார்.

"அவனுக்குக் காலேஜில எடம் கெடச்சிருக்கு, பாத்துக்கிடுங்க. படிச்சவனும் நமக்கு வேணும்லா? நீங்க போங்க மக்களே."

குரலில் ஒரு பிசிறு இல்லை. பனையேறி மாமாவின் மகன் தலையாட்டினான். "அதுவும் சரிதான் வாத்தியாரே. போயிட்டு வாறோம்னு அவன்ட்ட சொல்லுங்க." சன்னலுக்குப் பின்னால் நின்ற எனக்கு, அவன் ரெண்டு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது. அண்ணன் உள்ளே கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். எல்லாச் சாதிக்கும் கதவைத் திறக்கச் சொன்ன அப்பா, ஊருக்குள் புதிதாக ஒரு சாதியை உண்டாக்கிவிட்டார்: பட்டாளத்துக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையை அனுப்புகிற சாதி. நாங்கள்தான் அதில் முதல் குடும்பம்.

பனையேறி மாமாவின் மகனைப் பட்டாளத்தில் எடுத்துக்கொண்டார்கள். முதல் விடுப்பில் வந்தவன், கோட்டாற்றுச் சந்தையில் வாங்கிய ஒரு மூட்டை அரிசியைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் இறக்கினான். "நான் தின்ன அரிசி வாத்தியாரே. கோயில்ல சேத்திருங்க." அப்பா அவன் முதுகில் தட்டி, "நல்ல பிள்ளை" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

மறுநாள் உலை வைக்கும்போது கலயத்தில் ஒரு பிடி போட்டாள். பிறகு இன்னொரு பிடி.

"போட்டாச்சேம்மா" என்றேன்.

"ஏட்டி, முதப் பிடி கோயிலுக்கு. இது ஒங்க அண்ணன் தின்னதுக்கு."

அவள் மெதுவாகச் சொல்லவில்லை. அடுத்த அறையில் அப்பா இருந்தார். சாகும்வரை அம்மா அந்த இரண்டாம் பிடியை நிறுத்தவில்லை. அப்பாவும் பிடியரிசியை உவமை சொல்வதை விட்டுவிட்டார்.

அண்ணன் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றுவிட்டான். போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தான். பேப்பரில் பட்ஜெட் செய்தியை விரித்து வைத்துக்கொண்டு, "பட்டாளத்துக்கு ஒதுக்குன பணம் பத்தாது, கேட்டியாட்டி? நம்ம பயலுவள்ல ஒருத்தனும் சேரவும் மாட்டங்கான். தேசப்பற்றே இல்ல" என்றான். அப்படியே அப்பாவின் குரல். அவனுக்கும் சேர்த்து இத்தனை வருஷமும் நான்தான் வெட்கப்பட்டு வருகிறேன். அவனுக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

அடுக்களைக்குப் போய் அவனுக்கும் சேர்த்து அரிசி அளந்தேன். விளிம்பு உடைந்த கலயம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு பிடி போட்டேன்.

"உலை வச்சாச்சாட்டி? பசிக்கு" என்று அண்ணன் முன்னறையிலிருந்து குரல் கொடுத்தான்.

"இரு, இன்னும் ஒரு பிடி இருக்கு" என்றேன்.